நாஞ்சில் நாடு: குடியேற்றமும் மக்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய பகுதி நாஞ்சில் நாடு. ஆய், பாண்டியர், சோழர், வேணாடு என ஆட்சிகளின் வரிசையாகவே இதன் வரலாறு எழுதப்பட்டு வருகிறது. மக்கள் ஏன் இங்கே வந்து தங்கினர் என்பதை அவ்வரிசை விளக்குவதில்லை, பழையாறு விளக்குகிறது. மலையடிவாரத்தில் தொடங்கி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடல் சேரும் சிற்றாறு அது. அதன் நீர் போதாதபோது, மேற்கே பறளியாற்றை மறித்துப் பாண்டியன் அணை கட்டி, பாறையைக் குடைந்த கால்வாய் வழியே நீரைக் கிழக்கே கொண்டுவந்தனர். இரு பருவமழையும் கிடைப்பதால் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்தது. பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தேரூர், சுசீந்திரம் ஆகிய பழைய ஊர்கள் ஆற்றையும் கால்வாயையும் குளத்தையும் ஒட்டியே அமைந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த படைகளே குடிகளையும் கொண்டுவந்தன என்று வாதிடலாம். கணவாய் வழி தந்தது உண்மைதான்; ஆனால் வந்தவர்கள் நிலைத்தது வயல் இருந்த இடத்தில். அரசு மாறியபோதும் குளமும் மடையும் மாறவில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. பனைவிளைகளில் வாழ்ந்த நாடார்களும் கடற்கரையின் முக்குவர்களும் பரதவர்களும் இந்த நீரால் வந்தவர்கள் அல்லர். நீர் எட்டாத இடமே அவர்களுக்கு எஞ்சியது என்பதால், அவர்களின் குடியேற்றமும் அதே நீர்க்கணக்கின் மறுபக்கம். இந்தப் பிரிவு ஆவணங்களிலும் பதிந்தது: வயலை உடையவர்களின் கணக்கு கோயில் கல்வெட்டிலும், கவிஞர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடியெடுத்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளிலும் நின்றது. வயலில் உழைத்தவர்களோ அந்த ஓலைகளில் விற்கப்படும் அடிமைகளாக மட்டுமே தென்படுகின்றனர். திருவிதாங்கூர் 1855இல்தான் அடிமைமுறையை முழுமையாக ஒழித்தது. கடற்கரை மக்கள் 1544இல் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்கள் வழியாகவும், பனைவிளை மக்கள் 1806இல் கிறித்தவ மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகும்தான் எழுத்தில் விரிவாக இடம்பெறுகின்றனர். ஆவணம் இல்லாததை ஆள் இல்லாததாகக் கொண்ட பழைய நூல்கள் பெரும் பிழை செய்தன.

புகழ்பெற்றோர் பட்டியலிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954), வயலுடைய வேளாளரின் மருமக்கள்வழிச் சொத்துரிமை குடும்பங்களைச் சிதைத்ததைப் பாடினார். 1926இல் சட்டம் அதை மாற்றியது. பூதப்பாண்டியின் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் (1907–1963) உழைப்பவர் பக்கம் நின்றார். பனைவிளையிலிருந்து சாமித்தோப்பின் சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் (1809–1851) எழுந்தார். பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்கான போராட்டமும் அம்மக்களுடையதே. ஒழுகினசேரியின் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், இடலாக்குடியின் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஆகியோரை நிலத்தோடு இப்படிப் பொருத்திக் காட்ட முடியாது. வணிகமும் நாடகமும் வளர்ந்த கோட்டாறு, நாகர்கோவில் சூழல் அவர்களுடையது.

1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்ததும் கோதையாற்று நீரும் வந்து சேர, வயற்பரப்பு விரிந்தது. தமிழ்நாட்டோடு இணையக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் விளைவாக 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. மொழியை வைத்துப் போட்ட அந்த எல்லை நியாயமானதே. ஆனால் நெய்யாறு அணை கேரளத்தில் நின்றுவிட்டது. விளவங்கோட்டு வயல்களுக்கு அதன் இடதுகரைக் கால்வாயில் வந்த நீர் 2004 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. நாஞ்சில் நாட்டிலோ குளங்கள் சுருங்கி, வயல்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன.