எய்ட்ஸ் நாட்குறிப்பு: சாட்சியமா, கைப்பிடியா?

எய்ட்ஸ் நாட்குறிப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் ராஸ் சேம்பர்ஸின் ‘ஃபேசிங் இட்’ (1998) நூலைத் தொடாமல் போவதில்லை. நோயாளி எழுதுகிறார், இறக்கிறார். அவர் விட்ட இடத்திலிருந்து சாட்சியத்தைச் சுமக்கும் கடமை வாசகருக்கு வந்து சேர்கிறது என்பது சேம்பர்ஸின் வாதம். ரோலாண் பார்த் கோட்பாடாகச் சொன்ன ‘ஆசிரியரின் மரணம்’ இங்கே மெய்யான மரணமாகிறது. வாதத்தின் அழகில் எனக்கு ஐயமில்லை. சான்றுகளைத் தேர்ந்த விதத்தில்தான் ஐயம்.

சேம்பர்ஸ் விரிவாக ஆராய்பவை மூன்று. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மானிடவியலாளர் எரிக் மைக்கேல்ஸ் 1988இல் இறந்தார். அவருடைய ‘அன்பிகமிங்’ 1990இல் அச்சானது. டாம் ஜோஸ்லின் 1990இல் இறந்தார். அவர் தொடங்கிய ‘சில்வர்லேக் லைஃப்’ படத்தை முன்னாள் மாணவர் முடிக்க, 1993இல் வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஹெர்வே கிபேர் 1991 டிசம்பரில் இறந்தார். அவர் தன்னையே படம்பிடித்த ஒளிப்பதிவு அடுத்த மாதம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மூன்றுமே படைத்தவர் மறைந்தபின் பொதுவெளிக்கு வந்தவை. இப்படித் தேர்ந்தால் மரணமே முடிவாகக் கிடைப்பதில் வியப்பென்ன?

கிபேரின் இன்னொரு நாட்குறிப்பை எடுத்துக்கொள்வோம். ‘சைட்டோமெகலோவைரஸ்’ 1991 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 8 வரையிலான மருத்துவமனை நாட்கள். அப்போது அவருக்கு வயது 35; விழித்திரையில் கிருமி தொற்றிப் பார்வை பறிபோகும் நிலை. ஆனால் பக்கங்களை நிறைப்பது மரணச் சிந்தனை மட்டுமல்ல. உடல் தெரியும் மெல்லிய அங்கியை மட்டும் உடுத்திக்கொண்டு அறுவை அரங்குக்கு வரச் சொல்கிறார்கள், அவர் மறுக்கிறார். அந்தத் தகராறு குறிப்பில் ஏறுகிறது. டிரிப்ஸ், செவிலியரின் பேச்சு, அறையின் நிலை எல்லாம் அப்படியே. இவை எதிர்கால வாசகரை நோக்கியவை என்பதைவிட, நாளைக் காலை தன் நிலையில் உறுதியாக நிற்பதற்கு இன்றிரவு எழுதி வைத்தவை என்றே படுகிறது. இந்நூலும் அவர் இறந்தபின்னர்தான் வந்தது. அவர் பெயர்பெற்ற எழுத்தாளர், அச்சு மனதில் இராமல் போயிருக்காது. அந்த அளவுக்குச் சேம்பர்ஸ் சொல்வது நிற்கும். ஆனால் வெளியான ஆண்டைக் கொண்டு எழுதிய நோக்கத்தை முடிவு செய்ய இயலாது.

ஆய்வாளர்கள் கேட்டு எழுதவைத்த குறிப்புகளின் கிளை வேறு. பிரிட்டனில் ஆண்டனி காக்ஸனின் ‘சிக்மா’ திட்டத்தில் தற்பால் ஈர்ப்புடைய ஆண்கள் தங்கள் பாலுறவுச் செயல்களை நாள்தோறும் பதிந்தார்கள். அங்கே தேவைப்பட்டது தொற்று அபாயத்தின் கணக்கு, எழுதுபவரின் ஆறுதல் அல்ல. ஆறுதலைக் கணக்கில் எடுத்தது, மனத்துயரை எழுதவைக்கும் முறையாக உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் தொடங்கிய வழி. 2004இல் கீத் பெட்ரீயும் அவரும் பிறரும் வெளியிட்ட சோதனையில் எச்.ஐ.வி. உள்ள 37 பேர் நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம் எழுதினார்கள். மனத்துயரை எழுதியவர்களின் சிடி4 நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, உணர்ச்சி கலவாத தலைப்பில் எழுதியவர்களைவிட மேம்பட்டது. சில்லறை விவரங்களை உயர்த்திப் பேசும் எனக்கு இது எதிரான சான்றுதான். ஆயினும் அங்கித் தகராறு எந்தப் பிரிவில் சேரும்? அன்றாட விவரமும் அவமானமும் அங்கே ஒரே வரியில் கிடக்கின்றன. சோதனை பிரித்துவைத்ததை நாட்குறிப்பு பிரிப்பதில்லை.

2010இல் ‘லான்செட்’ வெளியிட்ட கென்யச் சோதனையில் நாட்குறிப்பு வாரம் ஒரு குறுஞ்செய்தியாகச் சுருங்கிவிட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நலம் அல்லது சிக்கல் என்று பதில் வரும். சிக்கல் என்றாலோ பதிலே வராவிட்டாலோ மருத்துவப் பணியாளர் அழைத்துப் பேசுவார். 538 பேரில், செய்தி பெற்றவர்களிடையே கிருமி அடங்கியவர்கள் 57 விழுக்காடு, பெறாதவர்களிடையே 48. இங்கே வாசகர் எழுதியவரின் மரணத்துக்குக் காத்திருப்பவர் அல்லர். அதே வாரம் பதில் சொல்பவர்.

சாட்சியம் துணையாக மாறியது எப்போது? கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய 1996ஐச் சொல்வது வழக்கம். கிபேரின் பக்கங்கள் அதற்கு முந்தியவை, பென்னிபேக்கரின் முறையோ எச்.ஐ.வி.யைக் கருதித் தொடங்கியதல்ல. ஆகவே அந்த ஆண்டைத் தற்காலிக எல்லையாக மட்டுமே கொள்கிறேன். கென்யச் சோதனையில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், அதன் விழுக்காடுகளை ஆண்களுக்கு அப்படியே பொருத்தவும் இயலாது.