உங்க வாசல் வரைக்கும் எந்தக் கம்பி வந்திருக்கு?

நேயர்கள்கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு. "புதுச்சேரில வாடகைக்கு வீடு பார்த்திருக்கோம். அந்த வீட்டுக்கு எந்தெந்த ஃபைபர் கனெக்‌ஷன் வரும்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?" வரலாற்று நிகழ்ச்சில கேக்கற கேள்வியா இதுன்னு உங்களுக்குத் தோணலாம். வீட்டுலேர்ந்து வேலை பார்க்கறவங்களுக்கு இது சம்பளப் பிரச்சனை. பதில் ஏன் சுலபமா கிடைக்க மாட்டேங்குதுன்னு பார்க்கப் போனா, ஐம்பது வருஷம் பின்னாடி போக வேண்டியிருக்கு.

எந்தக் கம்பெனி வெப்சைட்டுக்குப் போனாலும் முதல்ல கேக்கறது பின்கோடுதான். 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்குத் தபால் துறை கொண்டுவந்த ஆறு இலக்க எண் அது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்னு ஒரு அதிகாரி வகுத்தது. ஒரே பேர்ல பல ஊர், விலாசம் எழுதப் பல மொழி; கடிதம் வழிதவறாம பிரிக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. இன்னைக்கு நீங்க 605001னு போட்டா "உங்கள் பகுதியில் சேவை உண்டு"ன்னு வரும். அந்த எண்ணுக்குள்ள கடற்கரைச் சாலையும் இருக்கு, மிஷன் வீதியும் இருக்கு, நேரு வீதியும் இருக்கு. அதுல ஏதோ ஒரு தெருவுல கம்பி ஓடினாலே 'உண்டு'ன்னு பதில் வந்துடலாம். உங்க வீட்டைப் பத்தி அந்தப் பதில் எதுவும் சொல்லலை.

நம்மூர்ல மட்டும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல தொலைத்தொடர்பு ஆணையம் பல வருஷம் வாங்கின கணக்குல, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிரிச்ச ஒரு சின்னப் பகுதில ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை குடுக்க முடிஞ்சாலும் அந்தப் பகுதி முழுக்க சேவை இருக்குன்னுதான் எழுதினாங்க. 2020ல சட்டம் போட்டு, 2022 நவம்பர்ல கட்டடம் கட்டடமா காட்டற வரைபடம் வெளியிட்டாங்க. "என் வீட்டுக்கு வரலை, தப்பா போட்டிருக்கீங்க"ன்னு பொதுமக்களே அதுல ஆட்சேபம் எழுதலாம். நம்ம நாட்டுல டிராய் வெளியிடற சந்தாதாரர் எண்ணிக்கை சர்க்கிள் வாரியா வர்றது. அதுல உங்க தெருவைத் தேடினா கிடைக்காது.

சர்க்கிள்னு சொன்னதும் புதுச்சேரிக்கே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லணும். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன நாலு துண்டு நிலம் நம்ம யூனியன் பிரதேசம். 1954 நவம்பர் 1ல நிர்வாகம் கைமாறிச்சு, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது. ஆனா தொலைபேசி உரிமம் அந்த எல்லையைக் கண்டுக்கறதே இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு சர்க்கிள், மாஹே கேரளா சர்க்கிள், ஏனாம் ஆந்திரா சர்க்கிள். பெரிய வரைபடத்தை விடுங்க, ஈசிஆர்ல காலாப்பட்டுக்குப் போய்ப் பாருங்க. நடுவுல கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம்னு தமிழ்நாடு வந்து, மறுபடி புதுச்சேரி வரும். அந்த ரோட்டோரமா பள்ளம் தோண்டி ஃபைபர் போடறவங்க ரெண்டு அரசாங்கத்துல அனுமதி வாங்கணும். பக்கத்துப் பக்கத்துத் தெருவுல ஒண்ணுக்குக் கம்பி வந்து இன்னொண்ணுக்கு வராம நிக்கறதுக்கு இது மாதிரி காரணமும் இருக்கலாம்.

சரி, இணையம் எப்ப வந்துது? 1995 ஆகஸ்ட் 15ல வி.எஸ்.என்.எல் பெருநகரங்கள்ல ஆரம்பிச்சது. நமக்குக் கிட்ட இருந்தது சென்னைதான். 1998 நவம்பர்லதான் தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறந்தாங்க. அதே 1998ல வில்லியனூர்ல நடந்த ஒரு விஷயம் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வெச்சு சுத்துக் கிராமங்கள்ல தகவல் மையங்கள் ஆரம்பிச்சுது. போன் லைனை மட்டும் நம்பி வேலை நடக்காதுன்னு வி.எச்.எஃப் வயர்லெஸ் கருவி வெச்சு, அது வழியாவே தகவலை அனுப்பினாங்க. கரண்ட் நிக்கும்னு சோலார். எம்பலத்துல கோயிலை ஒட்டின அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்துது. இடம் ஊர்க்காரங்க குடுத்தது. கருவி வைக்கறதுக்கு முன்னாடி ஊர் ஊரா போய், உங்களுக்கு என்ன தகவல் வேணும், இப்ப யார் மூலமா தெரிஞ்சுக்கறீங்கன்னு விசாரிச்சாங்க. வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலை எவ்வளவு உயரம்னு. அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல இருந்து அந்த விவரத்தை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கில படிச்சாங்க. அந்தக் காலத்து இணைய இணைப்போட கடைசி நூறு அடி ஒரு குழாய் ஸ்பீக்கர்!

2004 டிசம்பர் 26. நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூர்ல இருந்து ஒரு போன் வந்துது. கடல் ஏறப் போகுதுன்னு. தகவல் மையத்து ஒலிபெருக்கில அறிவிச்சாங்க, ஜனங்க ஊரைக் காலி பண்ணினாங்க. மூவாயிரத்துக்கும் மேல மக்கள் இருந்த ஊர் உயிரோட தப்பிச்சுது. போன் வந்தது தனியா ஒரு வழி, ஒலிபெருக்கி தனியா ஒரு வழி. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

டவுனுக்குள்ள இதே காலத்துல வேற ஒரு வலை பரவிட்டு இருந்துது: கேபிள் டிவி. மொட்டைமாடி டிஷ், கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயர். 1995ல வந்த கேபிள் டிவி சட்டப்படி, 2025 தொடக்கம் வரைக்கும் ஆபரேட்டர் போய்ப் பதிவு பண்ண வேண்டியிருந்த இடம் எது தெரியுமா? தலைமைத் தபால் நிலையம். பின்கோடும் கேபிளும் ஒரே கூரைக்கு வந்து சேர்ந்தது எனக்கு வேடிக்கையா இருக்கு. எந்த வீட்டு மாடி வழியா ஒயர் போகலாம், எந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்ங்கறது எல்லாம் அந்த ஆபரேட்டர் அண்ணனுக்குத்தான் தெரியும். டெலிபோனுக்கு லைன்மேன் எப்படியோ, அப்படி.

ஃபைபர் வந்தப்போ பெரிய கம்பெனிகளுக்கு அந்த அறிவு தேவைப்பட்டுது. பி.எஸ்.என்.எல்லே பல ஊர்கள்ல உள்ளூர் ஆபரேட்டர்களை வருமானப் பங்குக்குச் சேர்த்துதான் வீடுகளுக்கு ஃபைபர் இழுக்குது. தனியார் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தாச்சு. அதனால பில்லுல ஒரு பேர், கம்பத்துல வேலை பார்க்கறவர் வேற. உங்க கேள்விக்குப் பதில் அந்த ரெண்டாவது ஆள்கிட்டதான் இருக்கு.

அவர்கிட்ட "ஃபைபர் வருமா"ன்னு மட்டும் கேக்காதீங்க. "பெட்டில போர்ட் காலியா இருக்கா"ன்னு கேளுங்க. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற ஒரு இழையை ஸ்ப்ளிட்டர் வெச்சு 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிப்பாங்க. அது நிறைஞ்சுட்டா, கம்பி உங்க ஜன்னல் ஓரமாவே போனாலும் இப்போதைக்குக் கனெக்‌ஷன் கிடையாது. வீடு பார்க்கப் போகும்போது தெருவுல அண்ணாந்து பாருங்க. கம்பத்துல சின்னப் பெட்டியும், அதுல இருந்து வீடுகளுக்குப் போற மெல்லிசான ஒயரும் இருந்தா நல்ல அறிகுறி. மாடி வீட்டுக்காரங்க எது வெச்சிருக்காங்கன்னு விசாரிங்க. அவங்க மோடத்துல ஒளி அளவு பார்க்க முடியும். மைனஸ் 20 பக்கம் இருந்தா நல்லது, மைனஸ் 27ஐத் தாண்டினா அடிக்கடி விட்டுப்போகும்.

ரெண்டு கனெக்‌ஷன் வாங்கப் போறவங்களுக்குத்தான் அந்த நல்லவாடு கதை. 2011 டிசம்பர் 30ல தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவுல கரை ஏறினப்போ கம்பங்கள் வரிசையா சாஞ்சுது. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல், ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கும் மேல மழை, ஊர் இருட்டு. ரெண்டு கம்பெனி பேர் இருந்தும் ரெண்டு ஒயரும் ஒரே கம்பத்துல தொங்கினா, உங்ககிட்ட இருக்கறது ஒரு வழிதான். இன்னொண்ணு: பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் அனுப்பும், வீட்டுல கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர்ல வர்றது வெளிச்சம் மட்டும்தான். மோடத்துக்குக் கரண்ட் நீங்கதான் குடுக்கணும்.

அதனால ஆபரேட்டர்கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக்கங்க. உங்க லைன் எந்த ரோடு வழியா எக்ஸ்சேஞ்சுக்குப் போகுது? கரண்ட் போனா உங்க பக்கத்துப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வரும். ரெண்டாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்க.