சுருள் கூந்தல் வந்த வரலாறு

சி ரூசாவில் கல்யாணம் வந்தால், கூந்தலைச் சுருட்டிக்கொள்ளும் ஆசையும் கூடவே வருகிறது. ஜெர்மானியரான கார்ல் நெஸ்லர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சூடேற்றிய உருளைகளைத் தம் மனைவியின் கூந்தலில் சோதித்தார், முடி கருகிற்று. 1938-இல் ஆர்னால்ட் வில்லாட் சூடில்லாத முறையைக் கண்டார்.

நம் பெற்றோர் பால் வெட்டிய ரப்பரைத் தொழிற்சாலையில் உறுதியாக்குவது கந்தகப் பிணைப்பு. முடியிலும் அத்தகைய பிணைப்பு உண்டு. உருளையில் சுற்றிய முடியில் ஒரு மருந்து அதை அவிழ்க்கிறது. மற்றொன்று புதிய வளைவில் மீண்டும் கட்டுகிறது. ஆகவே, தடித்த முடி தாங்கும் காட்டமான மருந்தை மெல்லிய முடியும் சாயமிட்ட முடியும் தாங்கா. அவற்றுக்கு மென்மையான மருந்தே ஏற்றது. முதலில் ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்ப்போம். நெஸ்லர் மனைவி பட்ட பாடு நமக்கு வேண்டாம்.