புதுச்சேரியில் தமிழ்த் தொடரியல் ஆய்வு

புதுச்சேரியில் தமிழ்த் தொடரியல் ஆய்வு: வாக்கிய அமைப்பை ஆராயும் இலக்கணப் பிரிவு தொடரியல் எனப்படும். புதுச்சேரியின் மீனவர் பகுதியான வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே, நடந்துபோகும் தொலைவில், செயிண்ட் லூயி தெருவில் பிரெஞ்சு நிறுவனம் உள்ளது. 1955-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனமும், தூமா தெருவிலுள்ள தூரகிழக்கு பிரெஞ்சுப் பள்ளியும், இலாசுப்பேட்டையிலுள்ள புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறைக்கு அடிப்படையான நூல்களை வெளியிட்டுள்ளன.

பழைய இலக்கணம்: தொல்காப்பியத்தில் தொடரியல் இல்லை என்பார் உண்டு. தனி இயலாக இல்லையே தவிர, சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களிலும் அது விரவிக் கிடக்கிறது. முதல் இயலான கிளவியாக்கம் எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடங்களில் இயைவதைப் பேசுகிறது. 'அவள் வந்தான்' என்பது ஏன் வழு, எந்த வழு எப்போது அமைதி பெறும் என்பதே அங்குள்ள விசாரணை. இது தொடரியல் அன்றி வேறில்லை. வேற்றுமையியலும் வேற்றுமை மயங்கியலும் பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவை விளக்குகின்றன. எச்சவியல் தொகைகளையும் முற்றையும் எடுத்துக்கொள்கிறது. பின்வந்த நன்னூல் இவற்றுட் பலவற்றைப் பொதுவியலில் திரட்டித் தருகிறது.

சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் ஆகியோரின் உரைகள் உள்ளன. அவற்றுள் தலைசிறந்தது சேனாவரையருடையது. கொற்கையை அடுத்த ஆற்றூரினரான இவர் சொல்லதிகாரத்துக்கு மட்டுமே உரை கண்டார். வடமொழி இலக்கணப் பயிற்சியால் வாதத்தை அடுக்கிச் செல்பவர், எளிதில் பிடிகொடுக்காதவர். இவ்வுரை முழுவதையும் ழான்-லுக் செவியார் பிரெஞ்சில் பெயர்த்து விளக்கியது அரிய உழைப்பு. அதன் முதற்பகுதி 1996-இல் புதுச்சேரியில் வெளிவந்தது.

இக்கால இலக்கணம்: நோம் சோம்ஸ்கியின் 1957-ஆம் ஆண்டு நூலுக்குப் பின் மொழியியல் துறைகளின் கவனம் வாக்கியத்தின் பக்கம் திரும்பியது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதில் முன்னின்றது. ஜெர்மானியரான தாமஸ் லேமன் ஆங்கிலத்தில் எழுதிய இக்காலத் தமிழ் இலக்கணத்தை, புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. எழுத்துத் தமிழின் வாக்கிய அமைப்பைக் கற்கத் தொடங்குவோர்க்கு இன்றும் முதலில் சுட்டப்படும் நூல்களுள் இது ஒன்று.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பொதுவாக ஒன்றே. அதுவும் இறுதியில் நிற்கும். மற்ற வினைகள் எச்சமாகி அதைச் சாரும். 'வைத்திக்குப்பம் போய் மீன் வாங்கி வந்த அம்மா குழம்பு வைத்தாள்' என்பதில் போய், வாங்கி என்பன வினையெச்சம். வந்த என்பது பெயரெச்சம். வைத்தாள் ஒன்றே முற்று. ஒரே வாக்கியத்துள் இன்னொரு முற்றுத்தொடரை அடக்க வேண்டுமானால் 'என்று' போன்ற சொல் துணைக்கு வரும்: 'மழை வரும் என்று சொன்னான்'. லேமன் இவ்வமைப்புகளை வகைப்படுத்தி விரிவாக விளக்குகிறார். பெயரெச்சம், வினையெச்சம் என்ற பாகுபாடு பழைய இலக்கணத்திலேயே இருப்பதால் தமிழ் மாணவருக்கு இப்பகுதி புதிதாகத் தோன்றுவதில்லை. பேச்சுத் தமிழுக்கு ஹரால்ட் ஷிஃப்மனின் இலக்கணம் 1999-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது.

இன்றைய நிலை: மேற்கூறிய நிறுவனங்களைத் தவிர, 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமணிய பாரதியார் தமிழியற்புலமும் காலாப்பட்டில் இயங்குகிறது.