வல்லூறும் சட்டகமும்: அரிட்டாபட்டியை முன்வைத்து

1882-இல் எத்தியன்-ஜூல் மரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், பறக்கும் பறவையைப் படமெடுக்க ஒரு கருவி செய்தார். குழல், விசை, தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை என்று பார்வைக்கு அசல் துப்பாக்கிதான். விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம். 'புகைப்படத் துப்பாக்கி' என்பதே அதன் பெயர். மூன்று வருஷம் கழித்து ஆலன் ஆக்டேவியன் ஹியூம் தாம் சேர்த்துவைத்திருந்த 60,000-க்கும் அதிகமான பறவைத் தோல்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். காங்கிரசைத் தோற்றுவித்த அதே ஹியூம், அதே 1885. சுட்டு, உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டினால்தான் ஒரு பறவை 'இருக்கிறது' என்று அறிவியல் ஒப்புக்கொண்ட காலம் அது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னது. சாட்சி கேட்கிற அதிகாரத்தை யாரும் கீழே வைக்கவில்லை. சாட்சி சொல்லும் வேலை மட்டும் காமிராவுக்குக் கைமாறியது.

மதுரையில் கொல்லை மிச்சமிருக்கும் வீடுகள் இப்போது கொஞ்சம்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேம்பு நிற்கிறது. ஓணானும் அணிலும் இருப்பதால் வைரி வரும். சில வருஷங்களாக அதைப் படமெடுத்து வருகிறேன். நீள லென்சின் குணம் ஒன்றுண்டு: பறவையின் கண்ணைத் துல்லியமாக்க, மதில், கேபிள் ஒயர், பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி எல்லாவற்றையும் கரைத்து ஒரு பச்சைப் படலமாக்கிவிடும். ஊருக்குள் இருக்கிற பறவை, படத்தில் ஊரே இல்லாத பறவையாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்பார்: 'ஏன் தம்பி, கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போறதப் போயி போட்டோ புடிக்கிறீக?' அவருக்கு அது கோழியோடும் கூடையோடும் சேர்ந்த பறவை. 'அரிய தருணம்' என்று படத்துக்குக் கீழே எழுதுகிற நமக்குத்தான் அது தனி. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே நினைக்கலாம். கறுப்பு-வெள்ளையை விடாமல் படமெடுத்தவர். யானையை எழுதிய அதே அக்கறையோடு வீட்டைச் சுற்றித் திரியும் உயிர்களையும் எழுதினார். காட்டுயிர் என்றால் காட்டில்தான் என்ற சொல்லாடலுக்குள் அவர் அடங்கவில்லை.

கொல்லையில் நடப்பது வெறும் ரசனைப் பிரச்சினை. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர்ப் பக்கம், அது நிலப் பிரச்சினையாக ஆனது.

அரிட்டாபட்டிக் குன்றுகளில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு உண்டு, சமணர் படுக்கை உண்டு, பாண்டியர் காலக் குடைவரை உண்டு. பாறையிடுக்குகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு. பறவை பார்ப்பவர்கள் வருஷக்கணக்காகச் சேர்த்த படங்களும் குறிப்புகளும் அங்கே சுமார் 250 பறவையினங்களுக்குச் சாட்சியாயின. (இனப்பெருக்கக் காலத்தில் கூட்டுக்கு நேர் கீழே கூட்டமாகப் போய் நின்றால் தாய்ப்பறவை எழுந்து போகும், முட்டை வெயிலில் கிடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சாட்சிக்காரனுக்கும் கை சுத்தம் வேணும்.) 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர், தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இந்த ஏழு குன்றுகளை நம்பி 72 ஏரிகளும் 200 ஊற்றுக் குளங்களும் இருக்கின்றன என்பதை அரசே சொன்னது. சொல்லிவிட்டு, கோட்டைக் குன்றைச் சுற்றிப் போட்டது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலமும் அதற்குள்தான் கிடந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் போட்டது. டிசம்பர் 24-இல் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் சொன்ன பதில்தான் என்னைக் கொல்லைப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்க வைத்தது: பல்லுயிர்த் தலத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு எல்லையைத் திருத்தலாமா என்று புவியியல் ஆய்வுத் துறை மறுபடி பார்க்கட்டும்.

இதைவிடச் சுத்தமான 'கிராப்பிங்' இருக்க முடியாது. பறவை இருக்கும் 193-ஐ ஓரமாக வெட்டி எடுத்து பத்திரப்படுத்திவிட்டு, மிச்சத்தை வெடிவைத்துத் தோண்டுவது. மிச்சம் என்பது பத்தில் ஒன்பது பங்கு. வல்லூறு பாறையில் முட்டையிடும், பாறையைத் தின்னாது. அது புறாவையும் மைனாவையும் ஓணானையும் அடிப்பது கண்மாய்க் கரையில், தரிசில், அறுத்த வயலில். லகர் வல்லூறு அடிப்படையில் வறண்ட சமவெளிப் பறவை. வல்லாளப்பட்டியும் தெற்குத்தெருவும் குழியாகிவிட்டால் குன்றில் மிஞ்சுவது படம் மட்டும்.

ஆதாரம் கொடுத்த காமிராக்காரர்கள் இங்கே குற்றவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆதாரம் இல்லாதிருந்தால் 193-கூடக் கிடைத்திருக்காது. ஆனால் படம் எதைச் சாட்சி சொல்கிறதோ அதை மட்டுமே அரசு காது கொடுத்துக் கேட்கும். படத்தில் மங்கிப்போன நெல்லும் மாடும் ஆளும் அதற்குக் கேட்காது. மேலூர் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே புரிந்திருந்தது. பறவைக்கு விலக்கு கிடைத்ததும் கலைந்து போகவில்லை. மறு ஆய்வும் வேண்டாம், ஏலம் முழுசா ரத்தாகணும் என்று 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் முழுவதுமாக ரத்தானது: குன்றுக்கு மட்டுமாக இல்லை, கண்மாய்க்கும் வயலுக்கும் சேர்த்து.