கால்குலேட்டர் கேட்காத கேள்வி

போன வாரம் ஒரு மாரடைப்பு ரிஸ்க் கால்குலேட்டர்ல என் வயசு 28-னு போட்டேன். ஏத்துக்கல. 30-லிருந்து 74 வரைதானாம். கோட் எழுதுறவன் இதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா? யார் வெச்ச லிமிட் இது? தேடிப் போனா, கதை ஒரு அமெரிக்க ஜனாதிபதிகிட்ட போய் நிக்குது.

1944 மார்ச். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் பரிசோதிக்கிறார். ரத்த அழுத்தம் ரொம்ப அதிகம், இதயமும் பலவீனமாகியிருந்தது. ஆனா வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று அன்றைய டாக்டர்கள் பலர் நம்பினார்கள். நல்ல மருந்தும் கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரூஸ்வெல்ட் இறந்தார். அன்னைக்கு அவர் பிரஷர் 300/190. வயசு 63.

1948-ல் அடுத்த ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே வருஷம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. எல்லாரும் 30 முதல் 62 வயசு வரை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. நம்ம பாஷையில சொன்னா, கிராஷ் ஆன பிறகு காரணம் தேடாம, முதல் நாளிலிருந்தே லாக் எழுதி வெச்சாங்க.

1961-ல் வில்லியம் கேனல் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. பிரஷரும் கொலஸ்ட்ராலும் அதிகமா இருந்தவங்களுக்கே இதய நோய் அதிகம் வந்திருந்தது. 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற சொல் பரவியது இங்கிருந்துதான். 1998-ல் வயசு, கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, பத்து வருஷ ரிஸ்க்கைக் கணக்கிடும் முறை வந்தது. அந்த 30 வயசு லிமிட்டும் இப்படி வந்ததுதான்.

ஆனா கொலஸ்ட்ரால் டெஸ்ட் காட்டுவது ரத்தத்தில் ஓடுவதை. குழாய்ச் சுவரில் படிந்ததை இல்லை. 1990-ல் ஆர்தர் அகாட்ஸ்டன், வாரன் ஜனோவிட்ஸ் குழு, சி.டி. ஸ்கேனில் இதயக் குழாய்களின் கால்சியத்தை எண்ணாக்கியது. 0 என்றால் கால்சியம் இல்லை. 400-க்கு மேல் என்றால் படிவு ரொம்ப அதிகம். ஆனா கால்சியம் சேராத மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. அதனால 0 வந்தாலும், குறிப்பா நம்ம வயசுல, அதை முழு உத்தரவாதமா எடுத்துக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், டேட்டா. ஃப்ராமிங்ஹாமில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள். 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'மெசா' ஆய்வில் 6,814 பேர், நாலு இனக்குழு. தெற்காசியர் அதிலும் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 2010-ல் 'மசாலா' வந்தது. ஆமா, ஆய்வோட பேரே அதுதான்!

என் சித்தப்பா 44 வயசுல மாரடைப்பில் போயிட்டார். 'கொலஸ்ட்ரால் நார்மல்'னு வந்த ரிப்போர்ட் இன்னும் வீட்டுல இருக்கு. ரிப்போர்ட் பொய் சொல்லல. அவர் சிகரெட்டைப் பத்தி நாங்க யாரும் பேசல, அவ்வளவுதான்.

அப்புறம் அப்பாவோட எண்களை அந்தக் கால்குலேட்டர்ல போட்டேன். ரிஸ்க் நடுத்தரம்னு வந்தது. கூடப் பிறந்த தம்பி 44-ல் இறந்ததை அது கேட்கவே இல்லை. ஸ்கேன் உண்மையிலேயே உதவக்கூடியது இப்படி நடுவில் நிற்கிறவங்களுக்குத்தான். சனிக்கிழமை அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். தம்பி கதையை அவரே சொல்லணும்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்லயும் இன்னைக்குக் கேளுங்க: யாருக்கு, எந்த வயசுல? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.