நாசாவின் கணக்கைத் திருப்பி எழுதியவர்கள்

என்னிடம் படித்த பையன் ஒருவன் கேட்டான்: "சார், நிலக்கரி நிறுவனங்கள் பயன்படுத்தக் கூடாது என்று என் மென்பொருளின் உரிமத்திலேயே எழுதிவிட்டால் என்ன?" நல்ல எண்ணம்தான். ஆனால் அவர்கள் வேறொன்றை வாங்கிக்கொள்வார்கள், தம்பி.

திறந்துவிட்டதால் பலன் கிடைத்த கதை ஒன்று உண்டு. 2007-இல் நாசாவின் அமெரிக்க வெப்பநிலைக் கணக்கில் கனடாக்காரர் ஸ்டீவ் மெக்கின்டயர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். நாசா திருத்தியது, புவி வெப்பநிலையைக் கணக்கிடும் நிரலையும் வெளியிட்டது. பழைய ஃபோர்ட்ரான், படித்தால் தலை சுற்றும். அடுத்த ஆண்டு பிரிட்டனில் நிக் பார்ன்ஸ், டேவிட் ஜோன்ஸ் இருவரும் அதை யாரும் படித்துச் சரிபார்க்கும்படி பைத்தானில் எழுதத் தொடங்கினார்கள், திறந்த உரிமத்தில். சில சிறு பிழைகள் அகப்பட்டன. வெப்ப உயர்வு மட்டும் அப்படியே நின்றது. 2016-இல் நாசாவே அவர்கள் நிரலுக்கு மாறிவிட்டது.